டாங்காவில் கரையிறங்கிய மெட்ராஸ் சிப்பாய்கள்: எல்லையோரக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சித்தூர், நகரி, புத்தூர், பலமனேர், குப்பம் என்று ஆந்திர எல்லைப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ‘பெரிய சண்டைக்குப் போன தாத்தா’ ஒருவர் உண்டு. பெரிய சண்டை என்றால் முதல் உலகப் போர். பிரான்சுக்கும் இராக்கின் பாஸ்ராவுக்கும் போனவர்களைப் பற்றியாவது எங்கேயோ ஒரு பத்தி படித்திருப்போம். ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு. 1914 நவம்பரில் டாங்கா என்ற துறைமுகத்தில் இறங்கி, உள்ளே நடந்து, அடிபட்டுத் திரும்பிய மெட்ராஸ் பட்டாளங்களைப் பற்றி என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டாங்கா எங்கே இருக்கிறது? நம் ஆட்களுக்கு அங்கே என்ன வேலை?

இன்றைய தான்சானியாவின் வடகிழக்குக் கரையில், கென்ய எல்லைக்குச் சற்றுத் தெற்கே உள்ள துறைமுக ஊர். 1914இல் அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி வரை ஜெர்மானியர் ரயில் பாதை போட்டிருந்தார்கள், சுமார் 350 கிலோமீட்டர். துறைமுகத்தையும் பாதையையும் பிடித்தால் வடக்குப் பகுதி முழுவதும் கைக்கு வந்துவிடும் என்பது பிரிட்டிஷ் கணக்கு. அதற்கு லண்டனிலிருந்து படை அனுப்ப ஆளில்லை. நல்ல பட்டாளங்கள் பிரான்சுக்கும் எகிப்துக்கும் போய்விட்டன. மிச்சம் இருந்ததைத் திரட்டி, ‘இந்தியப் படையெடுப்பு பி’ என்று பெயர் வைத்து பம்பாயில் கப்பல் ஏற்றினார்கள். ஏறக்குறைய 8,000 பேர். தலைமை மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கென்.

எந்தெந்தப் பட்டாளத்தில் தமிழர்கள் இருந்தார்கள்?

இரண்டில். ஒன்று 63வது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி. நெல்லைப் பாளையங்கோட்டையின் பெயர்தான் அது; ஆனால் ஆள் சேர்த்தது மெட்ராஸ் மாகாணம் முழுக்க. இன்னொன்று 61வது பயனியர்கள். பயனியர் என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியும் கடப்பாரையும் சுமக்கிற பட்டாளம். சண்டையும் போடுவார்கள், சாலையும் போடுவார்கள்.

இரண்டிலும் தமிழர்கள், மெட்ராஸ் முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தெலுங்கர்களைக் காலாட்படையில் சேர்ப்பதை அதற்கு முன்பே படிப்படியாகக் குறைத்திருந்தார்கள். எல்லையோர ஊர்களில் இதன் விளைவு விநோதமாக இருந்திருக்கும். ஒரே தெருவில் தமிழ் பேசுகிற வீட்டுப் பையனுக்குப் பட்டாளத்தில் இடம் கிடைக்கும், தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டுப் பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும் என்பது வேறு விஷயம். அப்போது சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்த வருஷங்களில் அந்த 11 ரூபாய் எவ்வளவு பெரிய காசு என்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வீட்டுக் காகிதத்தில் ‘3வது பாளையங்கோட்டை’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1903இல் இந்திய ராணுவத் தளபதி கிச்சனர் பட்டாளங்களுக்குப் புது எண் கொடுத்தபோது மெட்ராஸ் பட்டாளங்களின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். 3 என்பது 63 ஆனது, 1 என்பது 61 ஆனது.

கப்பலில் எப்படிப் போனார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். அக்டோபர் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. அதற்கு முன்பே பல பேரைக் கப்பலில் ஏற்றித் துறைமுகத்திலேயே காக்க வைத்துவிட்டார்கள். கூட்டமாகப் போனதால் மெதுவாகத்தான் போக முடிந்தது. சேலத்து, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்து கடலையே முதல் தடவையாகப் பார்த்தவர்கள் நிறையப் பேர். தளத்துக்குக் கீழே புழுக்கம், வாந்தி, நடக்க இடமில்லை. பல பட்டாளங்களுக்குப் புது மாதிரித் துப்பாக்கி கிளம்புகிற சமயத்தில்தான் கைக்கு வந்திருந்தது, சுட்டுப் பழக நாளில்லை. பல பட்டாளங்களைச் சேர்த்த பிரிகேடுகளையும் அவசரத்தில் கோத்திருந்தார்கள். ஒரு பட்டாளத்துக்கு அடுத்த பட்டாளத்தின் முகம் தெரியாது.

வழியில் மொம்பாசாவில் நின்றார்கள். அங்கே கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்ளூர்ப் படை அதிகாரி ஒருவர், அந்தக் காட்டில் சண்டை போட்டுப் பழகிய தன் ஆட்களைக் கூட அனுப்புகிறேன் என்று முன்வந்தார். எய்ட்கென் வேண்டாம் என்றுவிட்டார். ஆப்பிரிக்கச் சிப்பாய்களை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. உடம்பு தேறட்டும், கொஞ்ச நாள் சிப்பாய்களைக் கரையில் நடக்க விடுவோம் என்றும் தோன்றவில்லை. டாங்கா கதையில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

எதிரிக்கு முன்பே தெரிந்துவிட்டதாமே?

ஆமாம். அதுவும் நம் பக்கமே போய்ச் சொன்னதால். போர் தொடங்கிய புதிதில், டாங்கா துறைமுகத்தில் சண்டை வேண்டாம் என்று பிரிட்டிஷ் கடற்படைக்கும் அங்கிருந்த ஜெர்மன் அதிகாரிகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. லண்டன் அதை ஏற்கவில்லை. இருந்தாலும் முறைப்படி சொல்லிவிட்டுத்தான் தாக்க வேண்டும் என்று ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பல் நவம்பர் 2 காலையில் தனியாகத் துறைமுகத்துக்குள் போனது. ஒப்பந்தம் முடிந்தது, ஊரை ஒப்படையுங்கள் என்று சொல்லி ஒரு மணி நேரம் அவகாசமும் கொடுத்தது. ஜெர்மன் அதிகாரி கலந்துபேசிவிட்டு வருகிறேன் என்று போய், மோஷியில் இருந்த தளபதி லெட்டோவ்-வோர்பெக்குக்குத் தந்தி அடித்துவிட்டு, சிவில் உடையைக் கழற்றிச் சீருடை போட்டுக்கொண்டார். லெட்டோவ்-வோர்பெக் ரயிலில் ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார்.

இந்தப் பக்கம் துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்குமோ என்று தேடுவதில் நேரம் போனது. ஒன்றும் இல்லை. ஒரு ரயில் வர எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனையையும் நாமே தட்டில் வைத்துக் கொடுத்தோம்.

கரையிறங்கியது எந்த இடத்தில்?

ஊருக்குள் இல்லை. ஊருக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ராஸ் கசோனே என்ற முனை. கரையோரம் முழுக்கச் சதுப்பு, அலையாத்திக் காடு, மேலே ஏற மண்மேடு. நவம்பர் 2 இரவு முதலில் இறங்கியவர்கள் 13வது ராஜபுத்திரர்களும் நம் 61வது பயனியர்களும். படகிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய இருட்டில் ஏறினார்கள். அங்கே யாரும் சுடவில்லை. கரையிறங்கியது வரை எல்லாம் சரியாகவே நடந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதல் நாள் உள்ளே போனவர்களுக்கு என்ன ஆனது?

தூக்கம் இல்லை, சரியான சாப்பாடு இல்லை. அந்த நிலையில் நவம்பர் 3 விடியற்காலையில் இந்த இரண்டு பட்டாளத்தையும் ஊரைப் பார்த்து நடக்கச் சொன்னார்கள். ஊரில் அப்போது ஜெர்மன் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஊரின் கிழக்கு ஓரத்தில் ரயிலுக்காக வெட்டிய ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. அவர்கள் அதற்குள் உட்கார்ந்துகொண்டார்கள், தோண்டாமலே கிடைத்த பதுங்குகுழி அது. முன்னால் போய்ப் பார்க்க மேட்டில் ஏறிய ராஜபுத்திரப் பட்டாளத்து அதிகாரிகள் சுடப்பட்டார்கள். சண்டை நடக்கும்போதே ரயிலில் வந்த கம்பெனிகள் இறங்கிப் பக்கவாட்டில் பாய்ந்தன. காலை முடிவதற்குள் இரண்டு பட்டாளமும் கடற்கரைப் பக்கம் திரும்பிவிட்டன.

மெட்ராஸ் சிப்பாய்தான் பின்வாங்கினான் என்று பிற்பாடு எழுதியவர்கள், அன்று காலை அதே இடத்தில் அதே வேகத்தில் பின்வாங்கிய வடநாட்டுப் பட்டாளத்தைப் பற்றி மென்மையாகத்தான் எழுதினார்கள்.

4ஆம் தேதி பெரிய சண்டையில் சிப்பாய் பார்த்தது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படம் போட்டு அம்புக்குறி வைத்து விளக்குகிறவர்கள் சொல்லாத விஷயம் இது.

மிச்சப் படை முழுவதும் இறங்கி முடிந்தது 4ஆம் தேதி காலையில். நகரத் தொடங்கியது நண்பகலில். பூமத்திய ரேகைக்கு 5 பாகை தெற்கே, நவம்பர் மாதம், உச்சி வெயில். முதுகில் முழுச் சுமை, இடுப்பில் ஒரே ஒரு தண்ணீர்க் குப்பி. முந்தைய இரவில் யாரையும் முன்னால் அனுப்பி வேவு பார்க்கவில்லை. மலைப் பீரங்கிகளைக் கரைக்கே கொண்டுவரவில்லை, கப்பல் தளத்தில் வைத்தபடி சுட்டார்கள். எங்கே விழுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. போர்க்கப்பலின் குண்டு ஒன்று ஊர் ஆஸ்பத்திரி மேல் விழுந்தது.

கரையிலிருந்து ஊர் வரைக்கும் இருந்த நிலம் இப்படி: முதலில் தென்னை, அப்புறம் ரப்பர்த் தோட்டம், சிசல் கற்றாழைத் தோட்டம், நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் புதர். நம் பக்கத்தில் தூர்ந்துபோன ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்குமே, அதற்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரிசை கலையாமல் நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பத்தடியில் இருக்கிறவன் தெரியமாட்டான். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் தொடர்பு அறுந்தது. வலது ஓரத்தில், கடலை ஒட்டிக் காஷ்மீர் ரைபிள்ஸ். அவர்களுக்குப் பக்கத்தில் லாங்கஷயர் வெள்ளைக்காரப் பட்டாளம். அதற்கு இடது கையில் 63வது பாளையங்கோட்டை. அதற்கும் இடதில், கடைசி ஓரத்தில், 101வது கிரனேடியர்கள். பின்னால் 98வது காலாட்படையும் மற்றவர்களும். 61வது பயனியர்கள் கடைசியில், கையிருப்பாக.

வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் குண்டு படுவதற்கு முன்பே விழுந்தார்கள். இரண்டரை மணி வாக்கில் இயந்திரத் துப்பாக்கி பேச ஆரம்பித்தது. எங்கிருந்து சுடுகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஜெர்மன் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை ‘அஸ்காரி’ என்பார்கள். அவர்களில் பலரிடம் இருந்தது 1871ஆம் வருஷத்து மாதிரித் துப்பாக்கி, கருமருந்துப் புகை கக்குவது. அந்தப் புகைதான் ஒரே அடையாளம். அடர்ந்த புதரில் அந்த அடையாளமும் பயன்படவில்லை.

வலது பக்கத்துக்காரர்கள் பள்ளத்தைத் தாண்டி ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். காஷ்மீர் ரைபிள்ஸும் லாங்கஷயரும் வீடு வீடாகச் சண்டை போட்டார்கள். இடது பக்கத்தில் 63வது கலைந்தது. அந்த இடைவெளியை அடைக்கப் போன 101வது கிரனேடியர்கள் மேல், லெட்டோவ்-வோர்பெக் வைத்திருந்த கம்பெனிகள் பக்கவாட்டிலிருந்து பாய்ந்தன. அன்றைக்கு மிக மோசமாக அடிபட்டது அவர்கள்தான். அந்த மாலை ஜெர்மன் பக்கம் இருந்தவர்கள் மொத்தம் சுமார் 1,000 பேர்.

தேனீக் கதை உண்மையா? ‘ஜெர்மன்காரன் நூல் கட்டி தேன்கூட்டைக் கலைத்தான்’ என்று எங்கள் அவ்வா சொல்வார்.

தேனீ உண்மை. நூல் பொய்.

அந்தப் பக்கத்து மக்கள் உள்ளே குடைந்த மரத்துண்டுகளை மரக்கிளையில் தொங்கவிட்டுத் தேன் எடுப்பார்கள். கூடுகள் மேலே குண்டுகள் பாய்ந்ததும் தேனீக்கள் கிளம்பிவிட்டன. ஆப்பிரிக்கத் தேனீயின் குணம் நம் மலைத்தேனீயை ஒத்தது. ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்குக் கூட்டமே துரத்தும். 98வது காலாட்படை மேல்தான் பெரிய தாக்குதல், அந்தப் பட்டாளம் சிதறியே போனது. ஜெர்மன் பக்கத்து இயந்திரத் துப்பாக்கி ஆட்களையும் அதே தேனீக்கள் கொட்டி ஓட வைத்தன. தேனீக்கு எந்தக் கொடியும் தெரியாது.

ஜெர்மானியர் வேண்டுமென்றே பொறி வைத்தார்கள் என்று லண்டன் பத்திரிகை எழுதியது. தோற்ற கதையைச் சொல்ல அது வசதியாக இருந்தது. ‘தேனீச் சண்டை’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. உங்கள் அவ்வா அதைப் பத்திரிகையில் படித்திருக்க மாட்டார். திரும்பி வந்த யாரோ முகாமில் பேசிக்கொண்டதை வீட்டில் சொல்லி, அது இறங்கி வந்திருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கதையை அழிக்க வேண்டாம், பக்கத்தில் உண்மையையும் எழுதி வைத்தால் போதும்.

63வது பட்டாளம் பயந்து ஓடியது என்று படித்தேன். வெட்கமாக இருக்கிறது. உண்மையா?

கலைந்தது உண்மை. அதன் பெரும்பகுதி இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் உடைந்து, பலர் கடற்கரை வரை போனார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

‘மெட்ராஸ்காரனுக்கு வீரம் போதாது’ என்பது மட்டும் அன்றைக்குப் பிறந்த கருத்து அல்ல. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத் தளபதியாக இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு லாயக்கில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். சில இனத்தார்தான் சண்டைக்குப் பிறந்தவர்கள் என்ற ‘போர்க்குடி’ கணக்கு வைத்து மெட்ராஸ் பட்டாளங்களைக் குறைத்தார்கள், கலைத்தார்கள், மிஞ்சியதை எல்லைச் சண்டைகளுக்கு அனுப்பாமல் முகாமிலேயே வைத்தார்கள். சண்டை பார்க்காத பட்டாளத்துக்குத் துடிப்பான இளம் அதிகாரிகள் வரமாட்டார்கள். வசதியும் குறையும். முப்பது வருஷம் இப்படி வைத்திருந்துவிட்டு, ஒரு மாதம் கப்பலில் குலுக்கி, புதுத் துப்பாக்கி கொடுத்து, வேவு பார்க்காத காட்டுக்குள் நண்பகலில் தள்ளிவிட்டு, உடைந்ததும் ‘சொன்னேன் பார்த்தாயா’ என்றார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மதியம் 63வது நின்ற இடத்தில் எந்தப் பட்டாளம் நின்றிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. இதற்குச் சாட்சி 63வது அல்ல, மற்றவர்கள். ராஜபுத்திரர்கள் முந்தைய நாள் உடைந்தார்கள். 98வது தேனீயால் உடைந்தது. வலது பக்கத்தில் ஊருக்குள் புகுந்து நன்றாகவே சண்டை போட்டவர்களும் இடது பக்கம் காலியானதால் திரும்ப வேண்டியதாயிற்று. காஷ்மீர் ரைபிள்ஸ் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உண்டு, அவர்கள் மலையெல்லையில் சண்டை பார்த்த படை. பழக்கம்தான் வித்தியாசம், ரத்தம் இல்லை.

சிப்பாய்கள் தங்கள் வாயால் சொன்னது நம்மிடம் ஏறக்குறைய இல்லை. டாங்காவைப் பற்றி எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் லெட்டோவ்-வோர்பெக்கும். அதிகாரிகளுக்குத் தங்கள் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்ளக் காரணம் இருந்தது. ஆகவே படிக்கும்போது யார் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

அன்று இரவு ஊர் காலியாகக் கிடந்ததாமே?

ஆமாம், நம்ப முடியாத சங்கதி. இருட்டியதும் ஜெர்மன் பக்கம் ஊதிய ஒரு எக்காளத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவர்களின் கம்பெனிகள் ஊருக்கு மேற்கே உள்ள தங்கள் முகாமுக்குப் போய்விட்டன. பல மணி நேரம் டாங்காவைக் காக்க ஆளில்லை. எய்ட்கெனின் படை கரையோரத்தில் இருந்தது. வேவு பார்க்க ஆள் அனுப்பவில்லை என்று மேலே சொன்னேனே, இரவிலும் அதே கதைதான்.

எத்தனை பேர் இறந்தார்கள்? எப்படித் திரும்பினார்கள்?

பிரிட்டிஷ்-இந்தியப் பக்கத்தில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் சேர்த்து 800க்கு மேல். ஜெர்மன் பக்கத்தில் இறந்தவர்கள் 70க்குச் சற்று அதிகம், அவர்களில் பெரும்பாலோர் அஸ்காரிகள்.

நவம்பர் 5ஆம் தேதி எல்லோரையும் திரும்பக் கப்பலில் ஏற்றினார்கள். ஆட்கள் மட்டும் ஏறினால் போதும், கனமான சாமான்களை விட்டுவிடுங்கள் என்று உத்தரவு. இயந்திரத் துப்பாக்கிகள், நானூற்றுக்கு மேற்பட்ட ரைபிள்கள், ஏறக்குறைய 6 லட்சம் தோட்டாக்கள், டெலிபோன், போர்வை எல்லாம் கரையிலேயே கிடந்தன. லெட்டோவ்-வோர்பெக் அதை வைத்து மூன்று கம்பெனிகளுக்குப் புதுத் துப்பாக்கி கொடுத்தார். படுகாயம் பட்ட பலரைத் தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளைக்கொடியோடு போய்ப் பேசி அவர்களுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

எய்ட்கெனை மேஜர் ஜெனரல் நிலையிலிருந்து கர்னலாக இறக்கினார்கள். பிரிட்டனில் இந்தச் செய்தியை மாதக்கணக்கில் வெளியே விடவில்லை.

அதே சமயம் பாஸ்ரா பக்கம் இறங்கியவர்கள் ஜெயித்தார்களே, எப்படி?

நல்ல கேள்வி. டாங்காவுக்கு மறுநாளே, நவம்பர் 6ஆம் தேதி, பாரசீக வளைகுடாவின் தலைமாட்டில் ஃபாவ் என்ற இடத்தில் இன்னொரு இந்தியப் படை இறங்கியது. கோட்டையைப் போர்க்கப்பல் முதலில் சுட்டு அடக்கியது. அப்புறம் காலாட்படை இறங்கியது. பீரங்கிகளும் கூடவே வந்தன. பிரிகேடு ஏற்கெனவே ஒன்றாகப் பழகியது. நதியோரமாக, கப்பல் துணை விலகாமல், மழைச் சேற்றில் இரண்டு சண்டை போட்டு, அந்த மாதம் 22ஆம் தேதி பாஸ்ராவைப் பிடித்தார்கள்.

அங்கும் இந்தியச் சிப்பாய்கள்தான். அதே ராணுவம், அதே மாதம்.

டாங்காவுக்கு அப்புறம் அந்த இரண்டு பட்டாளங்கள்?

63வது பட்டாளத்தை முன்வரிசையில் நம்பி வைக்கவில்லை. ரயில் பாதைக் காவல், முகாம்களுக்கு இடைப்பட்ட பாதுகாப்பு என்று போட்டார்கள். போருக்குப் பிறகு 1920களின் தொடக்கத்தில் ராணுவத்தை மாற்றியமைத்தபோது பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள்.

61வது பயனியர்களுக்கு வேறு விதி. கிழக்கு ஆப்பிரிக்காவில் சாலை, பாலம், முகாம் என்று எது வேண்டுமானாலும் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவன் வேண்டும். அதனால் அங்கேயே வருஷக்கணக்கில் இருந்தார்கள். ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் சண்டை என்றால் உண்மையில் என்ன என்று பார்த்தவர்கள் அவர்கள்தான். குண்டை விட மலேரியாவும் சீதபேதியும் அதிகம் பேரைச் சாய்த்த போர் அது. செட்சி ஈ கடித்துக் குதிரை, கோவேறு கழுதை எல்லாம் செத்தன, அதனால் அரிசி மூட்டை முதல் தோட்டாப் பெட்டி வரை மனிதத் தலையில்தான் போனது. அப்படிச் சுமந்த ஆப்பிரிக்கக் கூலிகள் பல லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் சிப்பாய்களை விடப் பல மடங்கு. டாங்கா ஊர் பிரிட்டிஷ் கைக்கு வந்தது 1916 ஜூலையில். லெட்டோவ்-வோர்பெக் ஆயுதத்தைக் கீழே வைத்தது 1918 நவம்பர் 25, ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

61வது பின்னாளில் மெட்ராஸ் பயனியர்கள் என்று மாறி, 1933இல் அதுவும் கலைக்கப்பட்டது.

தாத்தாவின் காகிதத்தில் ‘வட ஆற்காடு’ என்று இருக்கிறது. எங்கள் ஊரோ சித்தூர் மாவட்டம். தவறா?

தவறில்லை. சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911 ஏப்ரலில்தான். சித்தூர், பலமனேர், சந்திரகிரி தாலுகாக்களை வட ஆற்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களைக் கடப்பையிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்கள். 1911க்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவரின் பதிவில் பழைய மாவட்டப் பெயர்தான் இருக்கும். அதன் பிறகு சேர்ந்தவர்களிலும் பழக்கதோஷத்தில் ‘வட ஆற்காடு’ என்றே சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். திருத்தணிக்காரர்களுக்கு இது தலைகீழ்: அன்றைய பதிவில் சித்தூர் மாவட்டம், 1960 ஏப்ரலிலிருந்து மெட்ராஸ் மாநிலம், இப்போது தமிழ்நாடு. தேடும்போது இரண்டு மாவட்டப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

வீட்டில் ஒரு மெடல் இருக்கிறது. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும், தேய்க்காமல் இருந்தால். வட்டமான மெடல் என்றால் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிப்பாய் எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் பொடி எழுத்தில் பதித்திருக்கும். நட்சத்திர வடிவ மெடல் என்றால் பின்பக்கம் பாருங்கள். அது 1914-15 நட்சத்திரம். 1915 முடிவதற்குள் போர்க்களத்துக்குப் போனவர் என்று அர்த்தம். டாங்காவுக்குப் போனவர் என்றால் அது இருந்திருக்க வேண்டும்.

ராஜா தலை போட்ட போர் மெடல் வழக்கமாக வெள்ளி. உங்களிடம் இருப்பது வெண்கலம் என்றால் அவர் சிப்பாயாக இல்லாமல் தொழிலாளர் படையில், பட்டாளத்தின் கூடப் போன வேலையாளாகப் போயிருக்கலாம். அதுவும் போருக்குப் போனதுதான். வெள்ளி மெடல் பல வீடுகளில் காணாமல் போனதற்குக் காரணம் கள்வர்கள் இல்லை. கஷ்ட காலத்தில் உருக்கி மெட்டியும் அரைஞாணும் செய்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தயவுசெய்து புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள்.

பெயரைத் தேடுவது எப்படி?

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பட்டாளத்தின் பெயர் போட்டு, 1914 நவம்பர் என்று தேதி போட்டு, வருகிற பட்டியலை வரிசையாகப் படிப்பதுதான் நல்ல வழி. பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது. முனுசாமி, கோவிந்தசாமி, அப்துல் காதர் எல்லாம் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும், எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்து. சில பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா கூட உண்டு.

உயிரோடு திரும்பியவர் என்றால் வேலை கடினம். பென்ஷன் காகிதம், விடுவிப்புச் சான்று, நிலப் பட்டா எது கிடைத்தாலும் முதலில் சிப்பாய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாளங்களின் போர் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் பெயர் அவற்றில் அபூர்வம், ஆனால் அவர் எந்த நாள் எங்கே இருந்தார் என்று தெரிந்துவிடும். ஊர்ச் சாவடியிலோ பழைய பள்ளிச் சுவரிலோ ‘இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள்’ என்று ஒரு வெள்ளைக் கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து அடித்து மறைந்திருக்கும்.

இறந்தவர்களின் கல்லறை இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?

டாங்காவில் 1914 சண்டையில் இறந்தவர்களுக்கான நினைவிடத்தை அந்த ஆணையம் பராமரிக்கிறது. இந்துச் சிப்பாய்கள் பலருக்குத் தனிக் கல்லறை கிடையாது, பெயர்தான் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறு இடங்களில் இறந்தவர்களின் பெயரை நைரோபி, தார்-எஸ்-சலாம் நினைவுச் சின்னங்களில் தேட வேண்டும். டாங்காவுக்கு தார்-எஸ்-சலாமிலிருந்து பஸ் உண்டு. போவதாக இருந்தால் பட்டாள எண்ணையும் ஆணையத்தின் பதிவுப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஊருக்கு வெளியே ராஸ் கசோனே வரை நடந்து வர ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள், வெயில் தாழ்ந்த பிறகு.